கலஹாவில் துளிர்க்காத ரோஜா

கண்டியிலிருந்து கலஹாவுக்குப் போகும் பஸ், பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துப் பெருமரங்களைக் கடந்து ஹிந்தகலைப் பக்கம் திரும்பியதும் மலையேறத் தொடங்கிவிடும். மேலே ஹந்தானை மலைத்தொடர். கீழே பள்ளத்தில் வீடுகளும் மிளகுக்கொடி படர்ந்த மரங்களும். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். கலஹா சிறிய நகரம்தான். அதன் கடைவீதியில் தமிழும் சிங்களமும் ஒன்றாகக் காதில் விழும். நகரைத் தாண்டினால் எப்பக்கம் பார்த்தாலும் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இந்த நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்ட லூல்கந்துரத் தோட்டம், தெல்தோட்டைக்கு அப்பால் இதே மலைப்பகுதியில்தான் இருக்கிறது.

தோட்டத்து லயங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். காம்பராக்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இஸ்தோப்புக்கு முன்னால் நாலு பூச்செடி நிற்கும். பழைய தகரங்களில், உடைந்த வாளிகளில், கானோரத்து மண்ணில் ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும் டேலியாவும் பூக்கும். துரைமாரின் பங்களாத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் கவ்வாத்து வெட்டி எறிந்த ரோஜாக் கிளைகளை எடுத்து வந்து லயத்து வாசலில் ஊன்றினார்கள். அப்படி வந்த செடிகள் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. "பங்களா ரோசா", "அம்மாச்சி வச்ச ரோசா" என்றுதான் சொல்வார்கள்.

இந்த ரோஜாக்களில் ஒன்று துளிர்க்காமல் நின்றுபோனதைப் பற்றியும், அதற்குக் காரணம் தேடிய விதத்தைப் பற்றியும் எழுதவே இக்கட்டுரை. வீட்டில் ரோஜா வளர்க்கும் சகோதரிகளுக்கும், நாற்று விற்றுச் சிறு வருமானம் தேட நினைக்கும் சகோதரிகளுக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

எமது வசந்தம் எப்போது?

ரோஜா வளர்ப்பு பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்கள் பனிக்காலம் முடிந்து வசந்தம் வரும்போது செடி துளிர்ப்பதைப் பற்றியே பேசும். எமது நாட்டில் பனி உறையும் குளிர்காலம் இல்லை. ஆனாலும் மலையகத்தில் ரோஜாவுக்கு ஒரு வசந்தம் உண்டு. தை, மாசி மாதங்களில் இரவு குளிரும், பகல் வெயிலும், வரண்ட காற்றுமாக இருக்கும். செடி ஓய்ந்து நிற்கும். அப்போது கவ்வாத்து வெட்டிவிட்டால் பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை விழும்போது சிவப்புத் தளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். வெட்டிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் பூ வரும். சித்திரைப் புத்தாண்டுக்கு லயத்து வாசலில் ரோஜா பூத்திருப்பது இந்தக் கணக்கினால்தான்.

அந்தத் துளிர் வராவிட்டாலோ, வந்தும் இரண்டு விரற்கடை நீளத்தில் நின்றுவிட்டாலோ எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு தாயின் மூன்று செடிகள்

வாழ்வாதார வேலையாக அப்பகுதிக்குப் போய்வரும் எனக்கு ஒரு தாயாரைத் தெரியும். 1977 ஆகஸ்ட் வன்செயலின்போது அவருடைய பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலஹாவை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அப்போது அவருக்கு எட்டு வயது. அங்கேயே வளர்ந்து, திருமணம் செய்து, காடு வெட்டிய நிலத்தில் கச்சானும் மிளகாயும் போட்டு வாழ்ந்தார். 2009இல் கணவரை இழந்தார். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபின், கலஹாவிலேயே தங்கிவிட்டிருந்த சித்தியின் காம்பராவுக்கு மகளோடு வந்து சேர்ந்தார். அவருடைய அம்மா 1977க்கு முன் நட்ட ரோஜாவைச் சித்தி காப்பாற்றி வைத்திருந்தார். இளஞ்சிவப்பு நிறம், சிறிய பூ, நல்ல வாசம். அம்மாவின் நினைவாக எஞ்சியிருந்தது அந்த ஒரு செடிதான். அதில் கிளை வெட்டி மூன்றாக்கி, அந்த மூன்றிலிருந்தும் ஆண்டுதோறும் பதியன்கள் எடுத்துப் பால்மாப் பைகளில் வளர்த்து விற்று வந்தார். பெரிய வருமானம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடக் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் அது உதவியது.

ஒரு பங்குனி மாதம் நான் போனபோது செடிகள் மூன்றும் சோர்ந்து நின்றன.

"இலை மட்டும் வருது புள்ள, மொட்டு வரமாட்டேங்குது. தேயிலைக்குப் போடுற பசளையில ஒரு புடி போட்டேன். அதுக்கும் கேக்கல. வயசாயிருச்சு போல. புடுங்கி எறிஞ்சிறலாமான்னு பாக்குறேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ரோஜா எளிதில் கிழடாகிச் சாகும் செடி இல்லை. ஆகவே பிடுங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்தோம். நாங்கள் பார்த்த ஒழுங்கிலேயே கீழே தருகிறேன்.

முதலில் உயிர் இருக்கிறதா?

கிளையில் நகத்தால் சிறிது சுரண்டிப் பார்க்க வேண்டும். தோலுக்குள் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் உண்டு. மண்ணிறமாக இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. நுனியிலிருந்து சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டு வாருங்கள். நடுத்தண்டு வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். நடுத்தண்டு மண்ணிறமாக இருக்கும்வரை நுனிக்கருகல் நோய் உள்ளே இருக்கிறது. அதை விட்டு வைத்தால் கீழே இறங்கும்.

அந்த மூன்று செடிகளிலும் பச்சை இருந்தது.

துளிர் எப்படி நின்றிருக்கிறது?

அவருடைய செடியில் துளிர் வந்து, நாலைந்து இலை விட்டு, நுனியில் மொட்டு இல்லாமல் அடைத்துக்கொண்டு நின்றது. அதைக் காட்டியதும் அவரே, "இது வங்கியில்ல புள்ள!" என்றார். தேயிலையில் நுனி உறங்கி வளராமல் நின்றுபோகும் கொழுந்தைத் தோட்டத்துப் பெண்கள் வங்கி என்பார்கள். அதை ஒடித்துவிட்டால்தான் கீழ்க்கண் விழித்துப் புதுக் கொழுந்து விடும். ரோஜாவிலும் அதுவே கதை. ஐந்து சிற்றிலை கொண்ட நல்ல இலை ஒன்றுக்கு மேலாக அந்தக் குருட்டுத் துளிரைப் பாதிக்கு வெட்டிவிட வேண்டும். ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. வெளிச்சக் குறைவு, கடும் குளிர், வேரின் பலவீனம் ஆகியவையே துளிரைக் குருடாக்குகின்றன. காரணம் அப்படியே இருந்தால் அடுத்த துளிரும் குருடாகும்.

துளிர் நுனி கருகிச் சுருண்டிருந்தால் அது வேறு. வெள்ளைத் தாளுக்கு மேல் நுனியைப் பிடித்துத் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் துகள்கள் ஓடினால் அவை பனிப்பூச்சிகள். மிளகாய் செய்த சகோதரிகளுக்கு இந்தச் சுருட்டல் நன்றாகத் தெரியும். ஒரே பூச்சி மிளகாயையும் ரோஜாவையும் தேயிலையையும் தாக்கும். இலைக்கு அடியில் சிலந்தி நூல்போல் இருந்து இலை வெளிறினால் அது சிற்றுண்ணி. காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீரை வேகமாக அடித்தால் பெரும்பாலும் குறையும். சாம்பல் பூசியது போல் இளந்தளிர் வெளுத்தால் அது பங்கசு நோய்.

போன மழைக்கு என்ன நடந்தது?

இதைத்தான் பலர் கேட்பதில்லை. இலையில் கரும்புள்ளி விழும் நோய்க்கு இலை ஏழு மணித்தியாலம் அளவு தொடர்ந்து நனைந்திருந்தாலே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புள்ளி விழுந்து, மஞ்சளாகி, இலையெல்லாம் கொட்டிவிட்ட செடி தையில் வெறுங்கையோடு நிற்கிறது. இலைதான் அதற்குச் சோறு சமைக்கிறது. இலை இல்லாமல் போனால் வேரில் சேமிப்பும் இல்லை.

தேயிலையில் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். கவ்வாத்துக்கு முன் வேரை எடுத்து அயடீன் விட்டு மாச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. மாச்சத்து இல்லாத தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் செத்துப்போகும். ரோஜாவும் அப்படியே. மெலிந்த செடியை அடியோடு வெட்டாதீர்கள். செத்த கிளையை மட்டும் எடுத்து, இலை பிடிக்க விட்டு, பலம் வந்த பிறகு வெட்டுங்கள். விழுந்த நோய் இலைகளைக் கூட்டி எரித்துவிடுங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெயில் எத்தனை மணித்தியாலம்?

ரோஜாவுக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலம் நேரடி வெயில் வேண்டும். மலைச்சரிவில் இது தந்திரமான கணக்கு. எதிர் மலை காலை வெயிலை மறைக்கும். ஐந்தாறு வருடங்களில் வளர்ந்துவிடும் கிரவில்லியா மரம் பின்னேர வெயிலை மறைக்கும். நட்டபோது கிடைத்த வெயில் இன்றும் கிடைக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அந்தத் தாயாரின் மகள் ஒரு நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தாள். இரண்டு செடிகளுக்கு ஐந்தரை மணித்தியாலம் கிடைத்தது. மூன்றாவதுக்கு இரண்டரைதான்.

வேர் எதில் நிற்கிறது?

கடைசியாக அடி மண்ணைக் கிளறினோம். அங்கேதான் பெரிய காரணம் இருந்தது. முன்னைய மழைக்காலத்தில் கான் அடைபட்டு, அதைத் தோண்டியபோது வந்த சேற்று மண்ணைச் செடிகளின் அடியில் குவித்திருக்கிறார்கள். ஒரு சாண் உயரத்துக்குத் தண்டு புதைந்திருந்தது. ரோஜாவின் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ, காற்றும் அவ்வளவு வேண்டும். அந்த மண் காய்ந்து ஓடு போல இறுகிக் காற்றை அடைத்துவிட்டது. அதற்கு மேல்தான் பசளையும் விழுந்திருந்தது.

மற்றொரு பிரச்சினை மண்ணின் புளிப்பு. தேயிலைக்குப் பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை உள்ள அமில மண் பிடிக்கும். ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். தேயிலைக்குப் போடும் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் மண்ணை மேலும் புளிக்கச் செய்யும். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். பொசுபரசு சத்து மண்ணிலேயே கட்டுண்டுவிடும். பசளை போடப் போடச் செடி மெலிந்த காரணம் இதுதான்.

இதை அறியக் கருவி வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். மண் புளித்திருந்தால் அதன் பூ நீலமாக இருக்கும். புளிப்புக் குறைந்தால் இளஞ்சிவப்பாக மாறும். வெள்ளைப் பூ ஜாதி மட்டும் மாறுவதில்லை. அந்த லயத்து வாசலில் ஹைட்ரேஞ்சியா கடல் நீலத்தில் பூத்துக் கிடந்தது. இவ்வளவு காலமாக அது சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் கேட்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார் அந்தத் தாயார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

செய்த வேலை

குவிந்த மண்ணை வேர் அறாமல் கையால் எடுத்தோம். பழைய மண்மட்டம் தெரிந்தது. ஒவ்வொரு செடிக்கும் அரைச் சிரட்டை டொலமைட்டை அடியில் ஒட்டாமல் சுற்றிவரத் தூவி மெல்லக் கிளறினோம். டொலமைட்டோடு யூரியாவையோ பச்சைச் சாணத்தையோ சேர்த்துப் போடக்கூடாது. நைதரசன் ஆவியாகப் போய்விடும். மூன்று வாரம் கழித்து நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு வாளி வீதம் போட்டு, காய்ந்த புல்லால் மூடினார். குருட்டுத் துளிர்களை வெட்டினார். மழை தொடங்கும்வரை மூன்று நாளுக்கு ஒருமுறை அடியில் ஆறத் தண்ணீர் விட்டார். வேறு பசளை எதுவும் போடவில்லை.

வைகாசி பிறக்கும்போது இரண்டு செடிகளில் அடியிலிருந்தே தடித்த சிவப்புத் துளிர்கள் வந்தன. ஆனி முதல் வாரத்தில் பூத்தன. நிழலில் நின்ற மூன்றாவது செடி பிழைக்கவில்லை. அதன் வேர் அழுகியிருந்தது. அது சாகுமுன் பச்சையாக இருந்த கிளையில் ஆறு துண்டுகள் வெட்டி ஊன்றினார். ஒன்று பிடித்தது. அந்த ஒன்றை வெயில் விழும் பக்கமாக நட்டிருக்கிறார். அதை விற்கப் போவதில்லை என்கிறார்.

வடக்கில் இருக்கும் சகோதரிகளுக்கு

இதை வாசித்துவிட்டு உடனே டொலமைட் வாங்கப் போகாதீர்கள். கலஹாவுக்குச் சரியானது சுன்னாகத்துக்குச் சரிவராது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அங்கே மண் புளிப்பதில்லை. மாறாகக் காரம் கூடி, இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் போகிறது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் அடையாளம். கலஹாவில் ஒரு பிடி அடுப்புச் சாம்பல் ரோஜாவுக்கு மருந்து. வலிகாமத்தில் அதே சாம்பல் நோயைக் கூட்டும். அங்கே கூட்டெருவும் இலைமக்கும் தாராளமாகப் போட்டு, முடிந்தால் மழைத் தண்ணீரைச் சேர்த்து ஊற்றுங்கள்.

வாளியிலும் தகரத்திலும் வளர்ப்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள். ஊற்றிய தண்ணீர் உடனே அடியால் ஓடினால் வேர் சுற்றிச் சுற்றி நிறைந்துவிட்டது. பெரிய பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படிந்தால் உப்புச் சேர்ந்துவிட்டது. நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி அடியால் வடியவிட வேண்டும். மாரி மழை ஓய்ந்த பின் தையில் வெட்டினால் பங்குனிக் கடும் வெயிலுக்கு முன் துளிர் முற்றிவிடும்.

நாற்றுமேடையில் வாங்கிய செடி பெரும்பாலும் ஒட்டுச் செடி. ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து வேகமாக ஒரு கிளை எழும்பினால் அது அடிக்கட்டையின் காட்டுக் கிளை. அது சாப்பாட்டை எல்லாம் தின்று மேல்செடியைப் பட்டினி போடும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக் கிளை என்று சொல்வார்கள். அந்த அடையாளத்தை முழுதாக நம்ப வேண்டாம். நல்ல ஜாதிகளிலும் ஏழு வருவதுண்டு. எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பார்த்து, கீழிருந்து வந்தால் அடியோடு பிய்த்தெடுங்கள்.

பார்த்த பின் மருந்து

இந்த மலைகள் தேயிலைக்கு முன் கோப்பித் தோட்டங்களாக இருந்தன. 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி போல ஒரு நோய் கண்டது. அது எப்படிப் பரவுகிறது என்று ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் 1880இல்தான் இங்கு வந்தார். இலை இலையாகப் பார்த்து, அந்தப் பங்கசு காற்றில் பரவுகிறது என்று விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது. நோயைச் சரியாக விளங்கிக்கொள்ளத் தாமதித்ததற்கு இந்த மலைநாடே பெரிய விலை கொடுத்திருக்கிறது.

சமூக வேலையில் நான் அடிக்கடி காணும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யுத்தத்துக்குப் பின் பெண்களுக்கு உதவி வந்தது. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு மின் தையல் இயந்திரமும், தண்ணீர் இல்லாத காணிக்கு மரக்கன்றும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பலன் வராதபோது "அவ முயற்சி எடுக்கவில்லை" என்று எழுதி முடித்தார்கள். அவள் எந்த மண்ணில் நிற்கிறாள், போன மழையில் அவளுக்கு என்ன நடந்தது, அவள் வேரை எது மூடியிருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. மேலும் மேலும் ஒரு பிடி பசளை போட்டுவிட்டு, வளரவில்லை என்று செடியைக் குறை சொல்வது போன்றதுதான் அதுவும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் ரோஜா துளிர்க்காவிட்டால் உடனே பசளைப் பையைத் தேடாதீர்கள். தோலைச் சுரண்டி உயிரைப் பாருங்கள். துளிர் நுனியைப் பாருங்கள். போன மழையை நினைத்துப் பாருங்கள். வெயிலை மணிக்கணக்கில் எண்ணுங்கள். கடைசியில் மண்ணை விலக்கி வேரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சிரட்டை மண்ணை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் ஒரு பச்சைக் கிளையை வெட்டி ஊன்றிவிடுங்கள்.